வாட்டர்மார்க் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். கோப்பில் அது இல்லவே இல்லை

எங்கள் இண்டி ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே முழுமையாக இணையத்தில் கசிந்துவிட்டது. 2000-இல் ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பம் வெளியீட்டுக்கு முன்பே நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையில் பரவியது. ஆகவே கசிவு என்பது யாருக்கும் புதிய செய்தி அன்று. ஆனால் கசிந்தால் ஆளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிய ஒரு நிறுவனம் எங்களுக்கு என்ன செய்தது என்பதை, அதே சேவையை நாடவிருக்கும் சிறு குழுக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமர்சகர்களுக்கும் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும் ஆல்பத்தின் முன்பிரதியை அனுப்பித் தருவதே அந்த நிறுவனத்தின் தொழில். ஒவ்வொருவருக்கும் போகும் கோப்பின் ஒலிக்குள்ளேயே, காதுக்குப் புலப்படாத தனித்தனி அடையாளக் குறி, அதாவது வாட்டர்மார்க், பதிக்கப்படும் என்றும், எந்தப் பிரதி வெளியே போனாலும் அது யாருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லிவிட முடியும் என்றும் எழுத்துமூலம் உறுதி தந்தார்கள். சாதாரணப் பதிவிறக்க இணைப்பை நாங்களே அனுப்பியிருக்கலாம். இந்த ஓர் உறுதிக்காகத்தான் பணம் கட்டினோம்.

கசிந்தது முன்பிரதிதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நான்காவது பாடலின் தொடக்கத்தில், டிரம்மர் தாளம் எண்ணிக் குச்சிகளைத் தட்டும் ஓசை முன்பிரதியில் இருந்தது. வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்தும் இறுதி மாஸ்டரிங்கில் அதை வெட்டிவிட்டோம். இணையத்தில் சுற்றிய பிரதியில் அந்தத் தட்டல் தெளிவாகக் கேட்டது.

யாருடைய பிரதி என்று கேட்டபோது, முதலில் தனியுரிமையைக் காரணம் காட்டினார்கள். பிறகு, சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பாக மாற்றியபோது வாட்டர்மார்க் அழிந்திருக்கலாம் என்றார்கள். இந்த வேலைக்கென உருவாக்கப்படும் வாட்டர்மார்க் அத்தகைய சுருக்கத்தைத் தாங்க வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படை என்பதால், எங்களுக்கு அறிமுகமான இரு விமர்சகர்களிடமிருந்து அவரவர் பிரதியைக் கேட்டு வாங்கினோம். இரண்டையும் ஒலிப்பதிவு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துல்லியமாகப் பொருத்தி, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாக்கி, சேர்த்து ஒலிக்கவிட்டோம். அப்படிச் செய்தால் இரண்டிலும் ஒன்றாக இருப்பவை ஒன்றையொன்று அழித்துவிடும், வேறுபாடு மட்டுமே கேட்கும். ஒலிக்குள் தனித்தனி அடையாளம் இருந்திருந்தால் மெல்லிய இரைச்சலாவது மிஞ்சியிருக்கும். மிஞ்சியது முழு அமைதி. பெறுபவரின் பெயர் கோப்பின் தகவல் குறிச்சொல்லில், அதாவது கலைஞர் பெயரும் ஆண்டும் இருக்கும் அதே இடத்தில், வெறும் எழுத்தாக மட்டுமே இருந்தது. எந்த இலவச மென்பொருளாலும் அதை ஒரு நொடியில் அழித்துவிடலாம். நிறுவனம் விற்ற ‘பாதுகாப்பு’ அவ்வளவுதான்.

2015-இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ஆல்பம் கசிந்தபோது, மார்ச்சில் வரவிருந்ததை அவர் ஜனவரியிலேயே வெளியிட்டார். பெரிய கலைஞருக்கு அது சாத்தியம். எங்கள் இசைத்தட்டுகளோ இன்னும் அச்சு ஆலையில்தான் இருந்தன. ஸ்ட்ரீமிங் தளங்களில் மட்டும் முன்கூட்டி வெளியிட்டால், தட்டுக்கு முன்பதிவு செய்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். எனவே நாளை மாற்றவில்லை. வெளியீட்டு நாள் வந்தபோது கேட்க வேண்டியவர்களில் பலர் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்கள், அதுவும் நாங்கள் கைவிட்ட வடிவத்தில்.

இத்தனைக்கும் பிறகு அதே நிறுவனம், கசிந்த இணைப்புகளை நீக்கித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டது எங்களை எரிச்சலின் உச்சிக்கே கொண்டுபோனது. அதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளரே படைப்பின் விவரம், மீறல் நடக்கும் இணைய முகவரி, தன் தொடர்பு விவரம், சட்டம் கேட்கும் உறுதிமொழிகள், கையொப்பம் ஆகியவற்றுடன் நீக்கல் அறிவிப்பை அனுப்பலாம். நாங்களே அனுப்பினோம், பல தளங்கள் நீக்கின, சில பதிலே தரவில்லை.

இத்தகைய சேவையை நாடுவோர், பணம் கட்டுவதற்கு முன் ஒரே பாடலை இரண்டு பெயர்களுக்கு அனுப்பச் சொல்லி, மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். கசிந்த பிரதி யாருக்கு அனுப்பப்பட்டது என்று அடையாளம் காட்ட இயலாவிட்டால் கட்டணம் திரும்ப வரும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டித்தான் இப்போது பணத்தைத் தர மறுக்கிறார்கள்.