மும்பையில் "பாட்டி வைத்திய" முகப்பரு க்ரீம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தாராவி, செம்பூர் பக்கத் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரு முகப்பரு க்ரீம் சுற்றி வருகிறது. கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, கற்றாழை, பூலாங்கிழங்கு எல்லாம் போட்டு வீட்டிலேயே அரைத்ததாம். டப்பா 450 ரூபாய். தயவுசெய்து வாங்காதீர்கள்.

என் தங்கை மகள் பூசினாள். நாலே நாளில் பரு அமுங்கி முகம் மினுமினுத்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வாங்கினார்கள். டப்பா தீர்ந்ததும் வந்தது வினை. கன்னமெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து, சீழ் கோத்த பொடிப்பொடிப் பருக்கள். வெயிலில் போனால் எரிச்சல். மேலுதட்டில் பூனைமுடி வேறு. விற்ற அம்மாவிடம் தங்கை கேட்டதற்கு, "உடம்புச் சூடு வெளிய வருதும்மா, இன்னும் ரெண்டு டப்பா போட்டா அடங்கிரும்" என்றார். அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சயான் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர், தேதி, முகவரி எதுவுமே இல்லை. முகம் இருக்கிற இருப்பைப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அமுக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கிவிட்டார்கள். இங்கே மஞ்சள் என்ற பெயரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தில் ஏறுகிறது. வயிறு எரிகிறது.

உண்மையான வீட்டு வைத்தியத்துக்கு இந்த வேகமே கிடையாது. பாசிப்பயறு மாவு எண்ணெய்ப் பசையை எடுக்கும், அவ்வளவுதான். மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் கிருமியை அடக்கும் குணம் ஓரளவு உண்டு. ஆனால் பருவுக்குக் காரணமான, அடைபட்ட தோல் துளையை அவை திறந்துவிடும் என்று நம்ப முடியாது. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெய் சிலருக்கு அடைப்பைக் கூட்டும். டாக்டர் எழுதித் தரும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரியான பரு மருந்துகள்கூட பலன் காட்ட 6 முதல் 8 வாரம் பிடிக்கும். நாலு நாளில் மஞ்சள் என்ன செய்துவிடும்?

ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் உடனே தோல் டாக்டரிடம் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்தில் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.