தனி விமானம் பேசித் தருகிறேன் என்று வருபவர்களிடம் முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ரூ.6,40,000 போய்விட்டது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலை போட்டுப் பிழைக்கிற குடும்பம் நாங்கள். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை வருகிறது என்று இந்த மலையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தம்பி தன் பி.எஃப். பணத்தை எடுத்தான், அக்கா நகையை வைத்தாள், மிச்சத்தை நான் சொசைட்டியில் கடனாக வாங்கினேன். அப்படிச் சேர்ந்த பணம் அது. கை நடுங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தேயிலைக்காரனுக்குத் தனி விமானம் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். அப்பா டெல்லியில் அக்கா வீட்டில் இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. காலை நீட்டியபடி வரவேண்டும், இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழக்கமான விமானத்தில் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போடும் வசதி உண்டு. எங்களுக்கு வேண்டிய தேதியில் அது கிடைக்கவில்லை. ரயிலில் இரண்டு நாள் கொண்டுவரவும் பயம். அப்பாவோ ஹெத்தையம்மன் ஹப்பத்துக்கு, அதாவது எங்கள் திருவிழாவுக்கு, ஊரில் இருக்க வேண்டும் என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தம்பி போனில் தனி விமானம் வாடகைக்குப் பேசித் தரும் ஒரு தளத்தைப் பார்த்தான். பெயரை இங்கே போடவில்லை, போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். விமானம் அவர்களுடையது இல்லை. நடுவில் நின்று பேசிவிடும் புரோக்கர் வேலை. பேசிய ஆள் கோயம்புத்தூர்த் தமிழில் பேசினான். "அண்ணா, டெல்லில ஒரு பார்ட்டிய இறக்கிட்டு கோயமுத்தூருக்குத் திரும்பற பிளேன் ஒண்ணு, வர்றப்ப காலியா வருது. எம்ப்டி லெக். முழு வாடகை கட்ட வேண்டியதில்லைங்க. மொத்தமே 9,80,000 தான்" என்றான். சிட்டேஷன் டூ என்ற சின்ன ஜெட், ரெண்டே மணி நேரம், வீல்சேரோடு நேரே உள்ளே போயிடலாம், வேணும்னா கோவையிலிருந்து ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடு வரைக்கும் ஹெலிகாப்டரும் பேசித் தரேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். படங்களும் அனுப்பினான். வெள்ளைத் தோல் இருக்கைகள், நடுவில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று தட்டில் ஏதோ பரிமாறுகிறாள்.

இதோடு நின்றிருந்தால்கூட யோசித்திருப்போம். அவன் அப்பாவிடமே வீடியோவில் பேசினான். "ஐயா, கவலைப்படாதீங்க, ஹப்பத்துக்கு உங்க வீட்டு வாசல்ல இருப்பீங்க. எங்கப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான் நடந்துச்சு" என்றான். அப்பா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். படுத்துக் கிடக்கிற எழுபத்தெட்டு வயது மனிதரைக் கும்பிட வைத்து, அன்று மாலையே ரூ.6,40,000 முன்பணத்தை வாங்கிக்கொண்டான். அந்தக் கும்பிடு நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் போன் வந்தது. பொசிஷனிங் சார்ஜ் என்று இன்னும் 5 லட்சம் வேண்டுமாம். விமானம் காலியாகத் திரும்பிப் போகிற செலவு அது. எம்ப்டி லெக் என்று சொல்லித்தானே விற்றாய், காலியாக வருகிற விமானத்துக்கு எதற்கு இந்தச் செலவு என்று கேட்டேன். "அது ஆபரேட்டர் முடிவுண்ணா" என்றான். ஆபரேட்டர் யார், விமானம் எந்தக் கம்பெனியுடையது என்றால் பதில் இல்லை. மறுநாள் காலை டெல்லியில் பனிமூட்டம், பறக்க அனுமதி இல்லை என்றான். அக்கா வாசலில் நின்று வெயிலில் போர்வை காயப்போட்டுக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். கோவைக்கு வரும் வழக்கமான விமானம் அன்று நேரத்துக்கே கிளம்பியிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் ஃபிளைட்டில் இருக்கிறார். ரீஃபண்ட் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல், மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் ரூ.6,40,000-ஐப் பணமாகத் தர மாட்டோம், அடுத்த ஆறு மாதத்துக்குள் வேறு பயணத்துக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கிரெடிட் நோட் அனுப்பினார்கள். நாங்கள் என்ன மாதம் ஒரு தரம் ஜெட்டில் போகிறவர்களா? பணம் கட்டியபோதே நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றாள் அங்கே போனை எடுத்த ஒரு பெண். இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

குன்னூரில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் இருந்தவர். படத்தைப் பார்த்ததும் சிரிக்காமல், கோபத்தோடு சொன்னார்: "இது சிட்டேஷன் டூவே இல்லை. அதில் யாரும் இப்படி நிமிர்ந்து நிற்க முடியாது." செஸ்னா கம்பெனி 1977-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட மாடல் அது. உள்ளே உயரம் நாலே முக்கால் அடிதான், அகலமும் ஏறக்குறைய ஐந்து அடிதான். மேக்சி கேப்பில் குனிந்து நுழைவோமே, அப்படித்தான் நுழைய வேண்டும். ஏறுவதற்குக் கதவோடு சேர்ந்த சின்னப் படிகள், வீல்சேர் நேரே உள்ளே போவதெல்லாம் நடக்காத காரியம். இடுப்பை மடக்கக் கூடாதவரைக் குனிந்து ஏற்றி, தாழ்வான இருக்கையில் உட்காரவைத்திருப்பார்கள். பல விமானங்களில் கழிப்பறை என்பதே ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிற இருக்கைதானாம்.

வேகமும் பொய். இறக்கை நேராக இருக்கிற பழைய வடிவம், பிராட் அண்ட் விட்னி ஜேடி15டி இன்ஜின் இரண்டு, ஒவ்வொன்றும் 2,500 பவுண்டு உந்துவிசை. 43,000 அடி வரை ஏறும், ஆனால் மணிக்கு 700 கி.மீ. சுமார்தான் போகும். நாம் வழக்கமாகப் போகிற ஏர்பஸ் விமானம் மணிக்கு 800 கி.மீ.-ஐத் தாண்டும். டெல்லி கோவை நேர்க்கோட்டில் 1,950 கி.மீ. பெரிய விமானத்துக்கே மூன்று மணி நேரம் ஆகிற தூரத்தை இது ரெண்டு மணி நேரத்தில் எப்படிக் கடக்கும்? அது கெட்ட விமானம் என்று அவர் சொல்லவில்லை. சின்ன ஓடுபாதையில் இறங்கும், நம்பிக்கையான இன்ஜின், நன்றாகப் பராமரித்தால் இன்றும் பறக்கும் என்றார். எங்களுக்குச் சொல்லப்பட்ட விமானம் அது இல்லை, அவ்வளவுதான்.

விலையையும் அவர்தான் விளக்கினார். இந்த வகைக்கு மணிக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை ஆகும் என்று பிறகு நாங்கள் கேட்ட வேறு இரண்டு இடங்களிலும் சொன்னார்கள். விமானம் எந்த ஊரில் நிற்கிறதோ அங்கிருந்து கிளம்பித் திரும்பிப் போகும்வரை மீட்டர் ஓடும். டெல்லி விமானம் என்றால் கோவை வந்து காலியாகத் திரும்புகிற மூன்று மணி நேரத்துக்கும் நாம்தான் கட்ட வேண்டும். மேலே தரையிறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், பைலட்டுகள் இரவு தங்கினால் அது, 18 சதவீத ஜிஎஸ்டி. அப்படிப் பார்த்தால் 9,80,000 என்பது முழு வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. சலுகை என்று சொல்லி முழு விலையை வாங்கி, அதற்கும் மேல் 5 லட்சம் கேட்டிருக்கிறார்கள். விமானம் என்று ஒன்று இருந்ததா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிலையாக இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். விமானத்தின் விடி என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள், தரவில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள். வாடகைக்கு ஓட்ட டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) கொடுத்த அனுமதி அந்த விமானத்தை வைத்திருக்கிற நிறுவனத்திடம் இருக்க வேண்டும். தனியார் உபயோகத்துக்குப் பதிவான விமானத்தை வாடகைக்கு விடக்கூடாது. ஒப்பந்தமும் பணமும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான், நடுவில் நிற்கிறவன் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். எம்ப்டி லெக் என்றால் முதல் பார்ட்டி தேதியை மாற்றினால் நம் பயணமும் போய்விடும், அப்போது பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். நோயாளி என்றால் கதவின் அகலத்தையும் உள் உயரத்தையும் கேளுங்கள்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லியாகிவிட்டது, ஊட்டியில் சைபர் கிரைமில் எழுதியும் கொடுத்திருக்கிறோம், நுகர்வோர் வழக்கும் போடப்போகிறோம். அப்பா இன்னும் டெல்லியில்தான் இருக்கிறார், ஹப்பம் முடிந்துவிட்டது. இதே மாதிரி பேச்சு உங்களுக்கும் வந்து பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குத்தான் வங்கியில் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு என்றார்கள். வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, அவன் அனுப்பிய படம் எதையும் அழித்துவிடாதீர்கள்.