போடு, எடு, அடி: 'மேக்'கையும் 'டூ'வையும் சொல்லித்தர எந்த வழி?

'சாரி மிஸ், ஐ டிட் எ மிஸ்டேக்.' மாலை வகுப்பில் வாரத்துக்கு நாலு தடவையாவது இது காதில் விழும். மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்திலேயே தப்பு. காலம் சரி, சொற்கள் சரி, வரிசையும் சரி. மிஸ்டேக்குக்கு ஆங்கிலக்காரர்கள் 'டூ' போடுவதில்லை, 'மேக்' போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், டீயை ஏன் 'போடுகிறோம்', குறட்டையை ஏன் 'விடுகிறோம்' என்று என்னைத் திருப்பிக் கேட்கலாம்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் தம்பி, ஜவ்வரிசி ஆலை அலுவலகத்து அக்கா, ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்பவர், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகும் இரண்டு பெண்கள். இவர்களிடம் இந்த வினை-பெயர் ஜோடிகளைக் கொண்டுசேர்க்க ஐந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஐந்தும் ஒரே எடை இல்லை.

பழைய வழி, விதி சொல்வது. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', வேலையைச் செய்தால் 'டூ'. கேக்குக்கு மேக், ஹோம்வொர்க்குக்கு டூ. முதல் பத்து நிமிடம் எல்லார் முகத்திலும் வெளிச்சம். அப்புறம் விடுதிக்காரர் கையைத் தூக்கினார். "மிஸ், கட்டிலு கடையில வாங்குனதுங்க. நான் போர்வைய மடிச்சு விரிக்கறதோட சரி. அதுக்கு எதுக்கு 'மேக் த பெட்'டுங்க?" பதில் இல்லை. கெடுதலுக்கு 'டூ ஹார்ம்', வம்புக்கு 'மேக் ட்ரபிள்'. முயற்சிக்கு 'மேக் அன் எஃபர்ட்', அதே முயற்சியை முழுமூச்சாகச் செய்தால் 'டூ யுவர் பெஸ்ட்'. வியாபாரத்துக்கு டூ, அதில் வரும் காசுக்கு மேக். விதியைவிட விலக்கு வேகமாக வளர்கிறது. ஆனாலும் அதில் ஒரு சின்னத் துண்டு உருப்படியானது: 'இங்' என்று முடியும் வீட்டு வேலைகளுக்கு 'டூ'தான். டூ த குக்கிங், டூ த வாஷிங், டூ த ஷாப்பிங். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன்.

அடுத்தது பட்டியல். பலகையில் நான்கு கட்டம், தலைப்பில் மேக், டூ, டேக், ஹேவ். ஒவ்வொன்றின் கீழும் இருபது முப்பது பெயர்ச்சொற்கள். இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. டோக்கியோவில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹெரால்டு பாமர் 1933லேயே இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி அறிக்கை வெளியிட்டிருக்கிறார். ஆசிரியருக்குப் பட்டியல் பெரிய வசதி. படிப்பவருக்கோ, ஒரே நாளில் ஒரே மாதிரி இருபது சொல் உள்ளே போனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் கேட்டால், மிஸ்டேக் 'ஏதோ ஒரு கட்டத்தில்' இருந்தது என்பது நினைவிருக்கும். எந்தக் கட்டம்? மேலே பார்த்து யோசிப்பார்கள். நமக்குத் தேவையோ அந்த ஒன்றுதான்.

மூன்றாவது, தமிழ் வழியாகப் போவது. ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தப்பு எங்கிருந்து பிறக்கிறதோ அங்கே போய்ப் பார்க்காமல் எப்படி? நம்முடைய 'பண்ணு' எதையும் விழுங்கும். மிஸ்டேக் பண்ணினேன், கால் பண்ணினேன், முடிவு பண்ணினேன். அந்தப் 'பண்ணு'தான் வாய்க்கு வரும்போது 'டூ'வாக மாறி நிற்கிறது. அதைவிட முக்கியம், தமிழிலும் இதே விளையாட்டு இருக்கிறது என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு நாள் வகுப்பை ஏற்காடு மலைப்பாதையிலேயே நடத்தினேன், பலகையில்தான். அடிவாரத்தில் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை நாம் என்னென்ன செய்கிறோம் என்று ஆளுக்கொன்று தமிழில் சொல்லவேண்டும், பிறகு ஆங்கிலத்தில். பிரேக் போடுகிறோம்: ஆங்கிலத்தில் 'அப்ளை', சட்டென்று மிதித்தால் 'ஹிட்'. கியர் மாற்றுகிறோம்: 'சேஞ்ச்', அப்படியே பொருந்துகிறது. ஹாரன் அடிக்கிறோம். இங்கே ஒருவர் 'பீட் த ஹாரன்' என்றார், சிரிப்பு. சரியான சொல் தினமும் கண்ணில் படுகிறது, முன்னால் போகும் லாரியின் முதுகில்: 'சவுண்ட் ஹாரன்'. இத்தனை வருஷம் அதைப் பார்த்தும் அங்கே 'சவுண்ட்' ஒரு வினை என்று யாருக்கும் தோன்றவில்லை. போட்டோ எடுக்கிறோம்: 'டேக்', பொருந்துகிறது. ரிஸ்க் எடுத்து ஓவர்டேக் செய்கிறோம்: அதுவும் 'டேக்'. அந்தத் தைரியத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வாந்தி எடுக்கறதும் டேக்குங்களா மிஸ்?"

இந்த வழியின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. 'எடு'வைப் பிடித்துக்கொண்டு போனால் போட்டோ, ரிஸ்க் வரை பத்திரமாகப் போகலாம். வாந்தியும் பசியும் வந்ததும் வண்டி பள்ளத்தில். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'எடு' மட்டும் இல்லை என்பதில்லை, ஜோடியே கிடையாது. வாந்திக்கு 'த்ரோ அப்', பசிக்கு 'ஐ'ம் ஹங்ரி'. 'போடு' இன்னும் மோசம். டீ போட்டால் மேக், சண்டை போட்டால் ஹேவ், ஓட்டுப் போட்டால் காஸ்ட், ஊசி போட்டால் கிவ், கோலம் போட்டால் ட்ரா, கையெழுத்துப் போட்டால் வெறும் 'சைன்'. ஆகவே தமிழ் வழி கண்ணைத் திறக்கும், ஆனால் கையைப் பிடித்துக் கடைசிவரை கூட்டிப்போகாது. முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும்.

அதற்கப்புறம் நான் நம்புவது நான்காவது வழியை. நோட்டில் தலைப்பாக வினையை எழுதாமல் பெயர்ச்சொல்லை எழுதுவது. யோசித்துப் பாருங்கள், பேசும்போது 'இன்று மேக்கை எதோடு சேர்க்கலாம்' என்று யாரும் கிளம்புவதில்லை. கையில் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, அதற்கு வினை தேடித் திணறுகிறோம். பட்டியலோ இதைத் தலைகீழாகச் சொல்லித்தருகிறது. நர்சிங் பெண்களின் நோட்டில் பக்கத்துக்கு ஒரு சொல். மாத்திரை: டேக். இதில் முன்பு இருவருமே 'ஈட்' என்றவர்கள், நாம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே. ஊசி: நர்சு கிவ், நோயாளி ஹேவ் அல்லது கெட். ரத்தம்: டேக், ட்ரா. டெம்பரேச்சர்: டேக். பிளட் பிரஷர்: டேக், செக், 'பிபி பார்த்தேன்' என்பதை 'சா' என்று சொல்லக்கூடாது. ஒரு பக்கத்தில் மூன்று வினைக்கு மேல் வேண்டாம், கீழே சொந்த வாக்கியம் ஒன்று. மெதுவான வழி, ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்குப் பத்துச் சொல் நடந்தால் பெரிது. ஆனால் எழுதியது வாயில் நிற்கிறது.

ஐந்தாவது வழி, போனில் தேடிப் பார்ப்பது. ஜான் சின்க்ளேர் 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், மக்கள் நிஜமாக எழுதியதையும் பேசியதையும் கணினியில் குவித்து அகராதி செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். இன்று அமெரிக்க ஆங்கிலத்துக்கான 'கோக்கா' என்ற இணையச் சொல்தொகுப்பில் 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. 'டிசிஷன்' என்று தேடினால் பக்கத்தில் எந்த வினை எத்தனை முறை வருகிறது என்று காட்டிவிடும். எனக்கு இது வரப்பிரசாதம், சந்தேகம் வந்தால் அங்கேதான் போவேன். வகுப்பில் கொடுத்தபோது வந்து விழுந்த வாக்கியங்களைப் பார்த்தே ஜவ்வரிசி ஆலை அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஆசிரியருக்கான கருவி அது.

எந்த வழியில் போனாலும் ஒரு சிக்கல் வரும்: தப்பு எது, ஊர் வழக்கு எது? 'டேக் எ டிசிஷன்' தப்பு என்று சிவப்பு மையால் சுழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது நடமாடுகிற வழக்குதான்; 'மேக்' எங்கும் செல்லும், அவ்வளவே வித்தியாசம். பரீட்சை 'எழுதுவது' நம் ஊரிலும் கனடாவிலும் உண்டு, பிரிட்டனில் 'சிட்' என்பார்கள், 'டேக்' என்றால் எல்லாருக்கும் புரியும். நர்சிங் பெண்களிடம் 'டேக்' சொல்லுங்கள் என்பேன். சேலத்திலேயே இருக்கப்போகிறவர் 'ரைட் அன் எக்ஸாம்' என்றால் திருத்த மாட்டேன். 'டிட் எ மிஸ்டேக்'கைத் திருத்துவேன்.

போன வாரம் கொலுசுத் தம்பி நோட்டைக் காட்டினார். பக்கத் தலைப்பு 'ஆர்டர்'. கடைக்காரர் கொடுப்பது பிளேஸ். நாம் எடுப்பது டேக். அலைந்து பிடிப்பது கெட். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கேன்சல். எல்லாம் சரி. "ஆர்டர் கைய விட்டுப் போனா என்னங்க மிஸ்?" என்றார். 'லூஸ் அன் ஆர்டர்' என்றேன். இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். எழுதச் சொன்னேன். "அது மனசுலயே இருக்கட்டுங்க மிஸ்," என்று நோட்டை மூடிவிட்டார்.