வாடகைக்கு விடும் அலுவலகக் கட்டடத்துக்கு எட்ஜ் சான்றிதழ்: எடுக்கலாமா?

பசுமைக் கட்டடச் சான்றிதழ் என்றதும் நம் ஊர் பில்டர்களுக்கு லீட், ஐஜிபிசி, கிரிஹா இவைதான் நினைவுக்கு வரும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி வளரும் நாடுகளுக்கென்றே உருவாக்கிய எட்ஜ் பற்றிப் பேச்சு குறைவு. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் வாடகைக்கு விடும் நடுத்தர அலுவலகக் கட்டடத்துக்கு எங்கள் முதல் சிபாரிசு எட்ஜ்தான். ஆனால் வரைபடம் இறுதியாவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

லீடில் மொத்தம் 110 புள்ளிகள். ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் பிடிக்கலாம். எட்ஜில் அது நடக்காது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளில் அடங்கிய கார்பன் (அதைத் தயாரிக்கும்போது வெளியாகும் அளவு) என்று கேள்வி மூன்றே. உள்ளூரில் வழக்கமாகக் கட்டும் கட்டடத்தைவிட மூன்றிலும் தலா 20% மிச்சம் காட்ட வேண்டும். மின்சாரத்தில் 35 வாங்கிவிட்டு தண்ணீரில் 19 என்றால் சான்றிதழ் இல்லை. மின்சாரத்தில் 40% தொட்டால் ‘எட்ஜ் அட்வான்ஸ்டு’ என்ற மேல்நிலை.

இந்த மிச்சத்தைக் கணக்கிடும் எட்ஜ் மென்பொருள் இலவசம் என்பது பெரிய பலம். ஊர், தளப் பரப்பு, மாடி எண்ணிக்கை, ஏசி வகை ஆகியவற்றைப் போட்டால், ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்பே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். நட்சத்திரக் குறி போட்ட அம்சங்களில் உண்மை அளவையே கொடுத்தாக வேண்டும். சுவரில் ஜன்னலின் பங்கு அதில் ஒன்று. நாலு பக்கமும் கண்ணாடி போர்த்திய கட்டடம் இங்கேயே அடி வாங்கும். அதை ஈடுகட்ட வெயிலைத் தடுக்கும் விலை உயர்ந்த கண்ணாடியும் நல்ல சில்லரும் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தேவைப்படும். மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்து சன்ஷேடு நீட்டுவது இதைவிட மலிவு.

தண்ணீரில் பலர் ஏமாறுவது மழைநீர் சேகரிப்பில். தமிழ்நாட்டில் அது கட்டாயம் என்பதால் உறிஞ்சு கிணறு எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் எட்ஜ் கணக்கில் சேருவது, தொட்டியில் பிடித்துக் கட்டடத்துக்குள்ளேயே பயன்படுத்தும் தண்ணீர்தான். நிலத்தடிக்கு அனுப்புவது ஊருக்கு எவ்வளவு நல்லதானாலும் இங்கே எண்ணிக்கையில் வராது. எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரை ஃப்ளஷுக்குத் திருப்புவதே நம்பகமான வழி. அதற்குத் தனிக் குழாய் வரிசை வேண்டும். பிளம்பிங் முடிந்த பிறகு யோசித்தால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

கட்டி முடித்தபின் ஆடிட்டர் சைட்டுக்கு வருவார். குழாயைத் திறந்து, அளவுக் குவளையும் ஸ்டாப்வாட்சும் வைத்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று காட்டியிருந்தால், ஒரு லிட்டர் குவளை நிரம்ப 30 விநாடி ஆக வேண்டும். 15 விநாடியில் நிரம்பினால் ஓட்டம் 4 லிட்டர், கணக்கு அங்கேயே சரிந்தது. காரணம் பெரும்பாலும் சின்னது: மணல் அடைத்தது என்று பிளம்பர் குழாய் முனையில் ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரைக் கழற்றியிருப்பார், திரும்ப மாட்டியிருக்க மாட்டார். இன்னொன்று அழுத்தம். மேல்தொட்டி 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைத்தளத்தில் ஏறக்குறைய 3 பார் வரும். அதற்கு மேல் உயரமான கட்டடத்தில் கீழ்த் தளங்களுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போடாவிட்டால் பல குழாய்கள் சொன்ன அளவில் நிற்காது.

பொருள்களில் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் அடங்கிய லேசான கான்கிரீட் கல்), ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) செங்கல் எல்லாம் இங்கே எளிதாகக் கிடைப்பவை. கான்கிரீட்டில் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) அல்லது ஃப்ளை ஆஷ் சேர்த்தால் நல்ல மிச்சம். ஆனால் தொடக்க நாள்களில் வலிமை மெதுவாக ஏறும் என்பதால் ஷட்டரிங் பிரிக்கக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளாண்டிலிருந்து வரும் மிக்ஸ் டிசைனில் இவற்றின் சதவீதம் எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘எம்30’ என்று கான்கிரீட்டின் வலிமைத் தரம் மட்டும் இருக்கும் பில் சான்றாகாது.

வாடகைக் கட்டடத்தின் உண்மையான சிக்கல் வேறு. வெறும் தளமாகக் கொடுத்துவிட்டால் விளக்கு, ஏசி, சில சமயம் குழாய்கூட வாடகைக்கு வருபவர் மாட்டுவது. அவற்றின் மிச்சத்தை நீங்கள் கணக்கில் காட்ட வேண்டுமானால், அந்த அளவுகள் குத்தகை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இருக்க வேண்டும். வக்கீலிடம் இதை முதல் வரைவிலேயே சொல்லிவிடுங்கள்.

குறையும் உண்டு. உள்ளறைக் காற்றின் தரத்தை எட்ஜ் மதிப்பிடுவதில்லை. சாதாரணச் சான்றிதழுக்குப் பிறகு மின்கட்டண ரசீதை யாரும் கேட்பதும் இல்லை. ஓராண்டு ஓடிய கணக்கைக் கேட்பது அட்வான்ஸ்டுக்கும் மேலான ‘ஜீரோ கார்பன்’ நிலையில்தான். ஆகவே பன்னாட்டு நிறுவனம் குத்தகைக்கு வரும்போது லீடைப் பெயர் சொல்லிக் கேட்டால், எட்ஜ் அந்த இடத்தை நிரப்பாது.

செலவு மூன்று வகை: பதிவுக் கட்டணம், பரப்பளவை வைத்துச் சான்றிதழ்க் கட்டணம், தனியாக ஆடிட்டர் சம்பளம். ஆலோசனை சொன்ன எக்ஸ்பர்ட்டே அதே கட்டடத்துக்கு ஆடிட்டராக இருக்க முடியாது, எக்ஸ்பர்ட் வைத்துக்கொண்டால் இரண்டு பேரை அமர்த்த வேண்டும். வரைபடக் கட்டத்தில் தருவது முதற்கட்டச் சான்றிதழ் மட்டுமே. இறுதிச் சான்றிதழுக்கு முடிந்த கட்டடத்தின் வரைபடம், தேதி பதிந்த போட்டோ, பில், டேட்டா ஷீட் எல்லாம் வேண்டும். கூரையில் இன்சுலேஷன் போட்டு மூடிய பிறகு போட்டோ எடுக்க வழியில்லை. சைட் இன்ஜினியர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை அஸ்திவாரக் காலத்திலேயே கொடுத்துவிடுங்கள்.