ராஸ்பெரி பையா, ஆர்டுயினோவா: சென்சாரும் மோட்டாரும் பழக எது தோது?

சொன்ன கோணத்தில் நிற்கும் சின்ன செர்வோ மோட்டார் ஒன்றை ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் மாட்டி, பைத்தான் மொழியில் நாலு வரி எழுதி, நடுவில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். நிற்கும். ஆனால் அதன் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருக்கும். அதே மோட்டாரை ஆர்டுயினோ ஊனோ (ஆர்3) என்ற, ஒரே நிரலை ஓட்டும் சின்ன போர்டுக்கு மாற்றினால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். எதில் பழகத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

அந்த நடுக்கம் மோட்டாரின் குறை இல்லை. செர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின் துடிப்பு, போக வேண்டும். பல்ஸ் 1 மில்லி விநாடி நீடித்தால் கை ஒரு பக்கம் திரும்பும், 2 என்றால் மறுபக்கம், 1.5 என்றால் நடு. இதில் 10 மைக்ரோ விநாடி பிசகினாலே கை ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிடும். பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். பல்ஸை முடிக்க வேண்டிய நேரத்தில் அது வேறு வேலையைக் கவனித்துவிட்டுச் சற்றுத் தாமதமாக வரும். ஊனோவில் இயங்குதளமே கிடையாது. 16 மெகாஹெர்ட்ஸ் சிப், அதற்குள் ஒரு டைமர், நீங்கள் எழுதிய ஒரே நிரல், அவ்வளவுதான். பையிலும் ஹார்டுவேர் பி.டபிள்யூ.எம். (பல்ஸைச் சிப்பே நேரம் தவறாமல் அனுப்பும் வசதி) தரும் பின்கள், அதாவது கம்பி இணைக்கும் முனைகள், சில உண்டு, பல்ஸ் அனுப்புவதற்கென்றே உள்ள பி.சி.ஏ.9685 போர்டைச் சேர்த்தால் 16 செர்வோ வரை நடுங்காமல் ஓட்டலாம். ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு முதல் வாரத்திலேயே இந்த வேலை தேவையில்லை.

அடுத்தது வோல்டேஜ். ஊனோவின் பின்கள் 5 வோல்ட்டில் இயங்குபவை, பையின் பின்கள் 3.3 வோல்ட். தூரம் அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார். அதன் எக்கோ கால் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். ஊனோவில் அப்படியே செருகலாம். பையில் அப்படிச் செருகினால் அந்தப் பின் பாழாகலாம், சில சமயம் போர்டே போய்விடும். எக்கோவுக்கும் பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு (மைனஸ் இணைப்புக்கு) 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட் சுமார் 3.3 ஆக இறங்கிவிடும். சின்ன வேலைதான், ஆனால் மறந்தால் நஷ்டம் பெரிது.

அனலாக் விஷயத்தில், அதாவது ஏறி இறங்கும் வோல்டேஜை அளப்பதில், போட்டியே இல்லை. ஊனோவில் 6 அனலாக் பின்கள் இருக்கின்றன. வெளிச்சம் அளக்கும் எல்.டி.ஆரை ஒரு ரெசிஸ்டரோடு இணைத்தால் 0 முதல் 1023 வரை ஓர் எண் வந்துவிடும். பையில் ஒன்றுகூட இல்லை, வோல்டேஜை எண்ணாக மாற்றும் எம்.சி.பி.3008 மாதிரி ஒரு சிப்பைத் தனியாக வைக்க வேண்டும்.

டி.சி. மோட்டாருக்கு வந்தால் இரண்டும் ஒன்றுதான்: எந்தப் போர்டின் பின்னிலிருந்தும் நேரடியாக மோட்டாரை ஓட்டாதீர்கள். ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுப்பது நல்லதில்லை. பொம்மைக் கார் மோட்டார்கூடக் கிளம்பும்போது நூற்றுக்கணக்கில் கேட்கும். பின் சொல்கிறபடி பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்க நடுவில் ஒரு டிரைவர் போர்டு வேண்டும். எங்கும் கிடைக்கும் எல்298என் தன் பங்குக்கு 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டும் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். சின்ன மோட்டாருக்கு நான் டி.பி.6612 டிரைவரைத்தான் எடுப்பேன், அதில் இழப்பு மிகக் குறைவு. அப்புறம், பேட்டரியின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். அது விட்டுப்போனால் நிரல் சரியாக இருந்தும் மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

இவ்வளவு சொன்னாலும் பையை நான் ஒதுக்கவில்லை. கேமரா, வைஃபை, அளவுகளைச் சேமித்து வரைபடமாகப் பார்ப்பது என்று வந்தால் ஊனோ அதன் கிட்டவே வர முடியாது. ஊனோவின் ரேம் வெறும் 2 கிலோபைட். பழகும் சுகம் என்று ஒன்றும் பையில் இருக்கிறது. பைத்தானைத் திறந்து ஒரு வரி தட்டி என்டர் அடித்த கையோடு எல்.இ.டி. எரியும். ஊனோவில் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் நிரலைத் தொகுத்து ஏற்றிக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஊனோவை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். பையை முறையாக அணைக்காமல் பிடுங்கினால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன போர்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லினக்ஸ் இல்லை, அதனால் செர்வோ நடுங்காது, சின்ன சிப்புகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தானில் எழுதலாம், 3 அனலாக் பின்கள் உண்டு. 3.3 வோல்ட் கவனம் மட்டும் இதிலும் வேண்டும். பைத்தான் தெரிந்தவர் என்றால் பிக்கோ, நிரலும் மின்சுற்றும் இரண்டுமே புதிது என்றால் ஊனோ. இதுதான் என் பரிந்துரை.

ஏற்கெனவே பை கையில் இருக்கிறதா? சரி, அதை மூட்டை கட்டி வைக்க வேண்டாம். ஒரு ஊனோவை யு.எஸ்.பி. கேபிளில் அதனோடு இணையுங்கள். கேமராவில் பார்ப்பதும் முடிவெடுப்பதும் பையின் வேலை. கோணத்தை ஓர் எண்ணாக அனுப்பினால் செர்வோவை நிறுத்திப் பிடிப்பது ஊனோவின் வேலை. பை அந்தக் கேபிள் வழியாகப் பேச சீரியல் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ஒருமுறை ரீசெட் ஆகும். அதனால் முதல் எண்ணை அனுப்புமுன் இரண்டு விநாடி பொறுக்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.