இரண்டால் பெருக்குவதா, நாலால் பெருக்குவதா: போக்கர் மேசையில் மூன்று கணக்குகள்

304 என்ற சீட்டாட்டத்தை விளையாடி வளர்ந்தவர்களுக்குக் கணக்கு புதிதல்ல. 32 கடதாசிகளில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று கூட்டி, எது இறங்கிவிட்டது, எது இன்னும் கையில் நிற்கிறது என்பதைச் சொல்லாமலே நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆனால் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கருக்கு வந்ததும் அவர்களிற் பலர் தடுமாறுவதை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், காசுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்து நாங்கள் ஆடும் சனிக்கிழமை இரவுகளில் பார்த்திருக்கிறேன். எந்தக் கடதாசி வரும் என்று எண்ணுகிறார்கள். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று எண்ணுவதில்லை.

அண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 8, ஆட்டின் 6. ஃப்ளொப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விரிக்கும் மூன்று கடதாசிகளில், ஆட்டின் கிங், ஆட்டின் 3, கிளாவர் ஜாக். இன்னும் ஓர் ஆட்டின் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து ஃபிளஷ் அமையும். நடுவில் 10 கொட்டைகள் இருக்க, எதிராளி மேலும் 8 வைக்கிறார். அதாவது, 18 கொட்டைகளை வெல்வதற்கு நாம் 8 போட வேண்டும். இதை மூன்று வழிகளில் கணிக்கலாம்.

முதலாவது விகிதக் கணக்கு. மொத்தம் 52இல் நாம் காணாத 47 கடதாசிகளில் 9 ஆட்டின். மீதி 38 உதவாதவை. 38க்கு 9 என்றால் ஏறத்தாழ 4.2க்கு 1. மேசை தருவதோ 18க்கு 8, அதாவது 2.25க்கு 1. போடக்கூடாது என்பது உடனே தெரிகிறது. மிகத் துல்லியமான வழி இதுதான். ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 38ஐ 9ஆல் வகுப்பது எல்லோருக்கும் கைவருவதில்லை.

இரண்டாவது சதவீதக் கணக்கு. நாம் போடும் 8, நாமும் போட்டபின் சேரும் 26இல் கிட்டத்தட்ட 31 சதவீதம். உதவும் கடதாசிகளை இரண்டால் பெருக்கினால் அடுத்த ஒரு கடதாசிக்கான வாய்ப்புக் கிடைக்கும்: 18 சதவீதம் (உண்மையில் 19.1). 31 தேவைப்படும் இடத்தில் 18 போதாது. முடிவு முன்னையதேதான், ஆனால் இரண்டு விநாடியில்.

வில்லங்கம் தொடங்குவது நாலால் பெருக்கும்போதுதான். டேர்ன், ரிவர் எனப்படும் நாலாம், ஐந்தாம் பொதுக் கடதாசிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 9 × 4 = 36; சரியான விடை 35. “அண்ணை, முப்பத்தாறு இருக்கு, போடலாம்” என்று எங்கள் மேசையில் ஒரு தம்பி அன்று சொன்னது இந்தக் கணக்கை நம்பித்தான். எதிராளியின் கையில் அந்த 8க்கு மேல் எதுவும் மிச்சமில்லை என்றால் தம்பி சொன்னது சரி. இனிப் பந்தயம் வராது, இரண்டு கடதாசிகளையும் ஒரே விலைக்குப் பார்க்கலாம், சராசரியாக ஒரு கொட்டைக்குச் சற்று மேல் இலாபமும் உண்டு. ஆனால் எதிராளி முன்னால் இன்னும் ஒரு குவியல் இருந்தது. டேர்னில் ஆட்டின் வராவிட்டால் அவர் மறுபடியும் வைப்பார், ரிவரைப் பார்க்க மறுபடியும் விலை கொடுக்க வேண்டும். ஒரு கடதாசிக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டுக்கான வாய்ப்பைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் இந்தத் தவறில், டேர்னோடு விட்டுவிட நேர்ந்தால், சராசரியாக மூன்று கொட்டைகள் போகும். உதவும் கடதாசிகள் கூடும்போது நாலால் பெருக்குவது வேறு விதத்திலும் ஏமாற்றும்: 15 உதவுமானால் 60 என்று காட்டும், உண்மை 54.

மூன்றாவது, பின்னால் வரப்போகும் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது. 8 கொட்டைக்கு 4.2 மடங்கு என்றால் ஏறக்குறைய 34 கிடைக்க வேண்டும். மேசையில் இருப்பது 18. ஆகவே ஃபிளஷ் அமைந்தபின் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 16 கொட்டைகளைப் பெற முடியும் என்று நம்பினால்தான் போடலாம். அவரிடம் மிச்சம் 10தான் என்றால் பேச்சுக்கே இடமில்லை. 50 இருந்தாலும், மூன்றாவது ஆட்டின் விழுந்ததைக் கண்டவுடன் கையை மடக்கிவிடுபவரிடம் அந்த 16ஐ வாங்க முடியாது. இந்த வழியைக் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தோல்விக்கும் நியாயம் கற்பிக்க வசதியான வழியும் இதுவே.

மேலும், ஒன்பதையும் ஒன்பதாகவே எண்ணக்கூடாது. எதிராளியிடம் மேசையிலுள்ளதோடு சேர்த்து மூன்று 3கள் இருந்தால் ஆட்டின் ஜாக் நமக்கு ஃபிளஷைத் தரும் அதே நேரத்தில் அவருக்கு அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸைத் தந்துவிடும். அப்போது மிஞ்சுவது எட்டு. அவரிடம் பெரிய இரண்டு ஆட்டின் இருக்குமானால், நம் 8 கொண்ட ஃபிளஷ் வந்து சேர்வதே இழப்பு.

என் பங்குக்கு, ஃப்ளொப்பில் இரண்டால் மட்டுமே பெருக்குகிறேன். எதிராளியோ நானோ கையிலுள்ள அனைத்தையும் வைத்துவிட்டால் மாத்திரம் நாலு. கொழும்பின் கசினோ மேசைகளில் ஆடுபவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: நடுவிலுள்ள பணத்திலிருந்து மேசை தன் பங்கை எடுக்குமிடத்தில், 5 சதவீதம் என்று வைத்தாலும் 26 என்பது 24.7 ஆகி, 31 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 32.4 தேவைப்படும். புளியங்கொட்டைக்கு அந்தக் கழிவு இல்லை. அந்தத் தம்பிக்கு டேர்னில் டயமன் 5 விழுந்தது. எதிராளி 20 வைத்தார், தம்பி மடக்கினார்.