அம்மா பெயரைத் திருத்தித் தருவதாக 18,500 ரூபாய் வாங்கிய ஏஜெண்ட்: முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கவனத்துக்கு

நேற்று மதியம்தான் உறுதியானது. அப்பா கொடுத்த 18,500 ரூபாய் போச்சு. அவருடைய அசல் டிஸ்சார்ஜ் புத்தகமும் (பட்டாளத்தை விட்டு வரும்போது தருகிற சர்வீஸ் விவரப் புத்தகம்) அந்த ஏஜெண்டிடமேதான் இருக்கிறது. வேலூர் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள் உண்டு. அந்த ஆள் இன்று காலையும் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறான். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆன்லைன் சேவை மையம், வாசலில் மூவர்ணத்தில் 'எக்ஸ் சர்வீஸ்மென் பென்ஷன் வேலைகள் செய்து தரப்படும்' என்று பலகை, அவ்வளவு சொன்னால் போதும்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1979-இல் சேர்ந்தார், அமைதிப் படையோடு இலங்கைக்கும் போனார், 2003-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பியதும் யூனிட்டில் மனைவி பெயர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'சரோஜா' என்று சொல்லிவிட்டார். வீரரின் குடும்ப விவரங்களைப் பதிவு செய்கிற பார்ட் டூ ஆர்டரில் அப்படியே ஏறி, டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் ஆர்டரிலும் அதே பெயர். அம்மாவின் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் சரோஜினி. பிறந்த தேதியும் வேறு. இத்தனை வருஷம் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பென்ஷன் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய ஆன்லைன் தளத்துக்கு மாறியபோதுதான் திரையில் இரண்டு பெயரும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆனால், குடும்ப ஓய்வூதியம் ரெக்கார்டில் இருக்கிற பெயருக்குத்தான் போகும். 'சரோஜாவும் சரோஜினியும் ஒரே ஆள்தான்' என்று அம்மா அந்த வயதில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு அத்தை அப்படி அலைந்ததைப் பார்த்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே சரி செய்துவிட வேண்டும் என்று அப்பா துடித்ததற்குக் காரணம் அதுதான்.

கடைக்குள் நுழைந்ததும் அந்த ஆள் எழுந்து நின்று, "ஜெய் ஹிந்த் சாப், எந்த பட்டாலியன்?" என்றான். சுவரில் ரெஜிமெண்ட் காலண்டர், அமர் ஜவான் படம். "நானும் ரெக்கார்ட்ஸ்ல கிளார்க்கா இருந்தவன்தான் சாப், வெலிங்டன்ல இன்னும் நம்ம பசங்க இருக்காங்க" என்றான். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியில் இருக்கிற அந்த வெலிங்டனில்தான். அப்பா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முட்டி வலியோடு குனிந்தே நடப்பவர், அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த வருஷம் வெலிங்டனில் டிரெய்னிங், எந்த கம்பெனி என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவன் டீ வரவழைத்துக் கொடுத்தான். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பட்டாளத்தான் என்றால் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவன் காசாக்கினான். அவன் ராணுவத்திலேயே இருந்ததில்லை என்று இப்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

"கெஜட்ல போடணும், ரெண்டு பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், மாஜிஸ்ட்ரேட் அஃபிடவிட், வெலிங்டன்ல டேபிள் பாத்துக்கிற செலவு" என்று ஒரு சின்ன சீட்டில் எழுதிக் கூட்டி 18,500 என்று கோடு போட்டான். 10,000 ஜிபேயில், 8,500 கையில். 'சேவைக் கட்டணம்' என்று கிறுக்கிய சீட்டுதான் ரசீது. முத்திரை இல்லை. "ஒரிஜினல் இல்லாம வேலை நடக்காது சாப்" என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் போன் செய்து "ஓடிபி ஒண்ணு வரும், சொல்லுங்க சாப்" என்று கேட்டு வாங்கியிருக்கிறான். ஸ்பர்ஷ் கணக்கில் இருந்த அப்பாவின் செல் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் "அனுப்பியாச்சு சாப்". பிறகு "டேபிள்ல இருக்கு, ஆபீசர் லீவு". பிறகு சர்வர் டவுன். நான் பேச ஆரம்பித்ததும் குரலே மாறியது. "மேடம், இது ஆர்மி ஆபீஸ், தாலுகா ஆபீஸ் இல்ல, போய் நிக்க முடியாது" என்றான். அனுப்பியதற்கு ஆதாரம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்பீட் போஸ்ட் ரசீதின் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், போய்ச் சேர வேண்டிய இடத்தில் எங்கள் ஊர் பின்கோடே இருக்கிறது! ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகிற தபால் முகவரி 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று முடியும் என்பது பட்டாளத்து வீட்டுக் குழந்தைக்குக் கூடத் தெரியும். அதைக் கேட்டதும் "டைப்பிங் மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் நம்பர் பிளாக். அப்பா நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் சென்னை போயிருக்காரு தாத்தா, உக்காருங்க" என்பான். உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பி வருவார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அப்பாவோடு சர்வீஸில் இருந்த பெரியப்பா ஒருவர் சொல்லித்தான் நேற்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் அலுவலர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் யாருக்கும்மா பணம் குடுத்தீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவரே வெலிங்டனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்பாவின் சர்வீஸ் நம்பரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதம் கூட.

அவர் சொன்ன வழி இவ்வளவுதான். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஏன் மாறின என்று அஃபிடவிட், கேட்டால் பத்திரிகை விளம்பரம். கூடவே டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், ஆதார், அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள். ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் கேட்கிற காகிதம் கொஞ்சம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே பார்ட் டூ ஆர்டர் போட்டு, பிரயாக்ராஜில் இருக்கிற ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதி, திருத்திய பென்ஷன் ஆர்டர் வரும். ரெக்கார்ட் ஆபீசுக்குக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. அஃபிடவிட், விளம்பரம், தபால், நகல் செலவு மட்டும்தான். இதற்கு 18,500 ரூபாய்! அப்பா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கைச்செலவுக்கு வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த 18,500 ரூபாய்!

நேற்று சாயங்காலம் கடைக்குப் போனோம். ஆள் இருந்தான். "வேலை நடந்துட்டிருக்கு, பணம் திரும்பித் தர்ற பழக்கம் இல்ல. கேஸ் குடுக்கிறதுன்னா குடுங்க" என்றான், அப்பா முகத்தைப் பார்த்தே. சாப் எல்லாம் காணோம். டிஸ்சார்ஜ் புத்தகம் "பைல்ல இருக்கு". எந்த பைல், எங்கே, பதில் இல்லை. அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓடிபி யாருக்கும் வேண்டாம். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இன்றே போன் செய்து இதைச் சொல்லுங்கள். கணக்கில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

வெலிங்டனில் ஆள் இருக்கிறது, பிரயாக்ராஜில் ஆள் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அப்புறம்தான் மற்றது.

ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். வேலூர் பக்கம் இதே மாதிரி கடையில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.